அளந்து போட்டால் பிரெட் எழும்பும்



கடன் வாங்கி பிரெட் மெஷின் போட்ட குழுவில், முதல் வாரம் பிரெட் எல்லாம் நடுவில் அமுங்கிப் போச்சு. "கடனை எப்படிக் கட்டுவோம்?"னு உறுப்பினர்கள் கலங்கினாங்க. நாமும் மெஷினைத்தான் குறை சொன்னோம். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிஞ்சது, தவறு நம்ம கண்ணளவில்!

தண்ணீரும் ஈஸ்ட்டும் கூடினால் பிரெட் வேகமா எழும்பி, அப்படியே அமுங்கிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதனால் தராசில் நிறுத்துப் போட்டோம்: மைதா 500 கிராம், தண்ணீர் 300 கிராம், சர்க்கரை 20, எண்ணெய் 20, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். முதலில் குளிர்ந்த தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை; அடுத்து மாவு; ஈஸ்ட் மேலே, ஈரம் படாமல்.

பிசையத் தொடங்கி பத்து நிமிஷத்தில் மூடியைத் திறந்து பாருங்க. மாவு உருண்டையா இருக்கணும். ஒட்டினால் ஒரு ஸ்பூன் மைதா, வறண்டால் ஒரு ஸ்பூன் தண்ணீர். எழும்பும்போதும் வேகும்போதும் திறக்கவே கூடாது. வெந்ததும் வெளியே எடுத்து, ஆறிய பிறகே வெட்டணும்.

சேமிப்பை நோட்டில் எழுதுற நாம, மாவு அளவையும் எழுதி வைப்போம். அந்தக் குழுவில் இப்போ பிரெட் அமுங்குவதில்லை, தவணையும் தவறுவதில்லை.