ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி



இன்று பிற்பகல் நாம் நடந்து வந்த இந்தக் கரை, பட்கல் ஏரிக் கரை. டில்லிக்குத் தெற்கே, ஹரியானாவின் ஃபரீதாபாத்தில் இருக்கிறது. ஆரவல்லி மலையில் பெய்யும் மழைநீரைத் தேக்க, 1947-இல் இந்தக் கரையைக் கட்டினார்கள். இங்கே படகு விட்டார்கள். டில்லி மக்கள் குடும்பத்தோடு வந்தார்கள்.

2000-க்குப் பிறகு ஏரி வற்றியது. பல ஆண்டுகள் ஏரிக்குள் புல்தான் முளைத்தது.

மழை பெய்யவில்லையா? பெய்தது. தண்ணீர்தான் வந்து சேரவில்லை.

மலையில் கல்லுக்காக ஆழமாகத் தோண்டினார்கள். ஓடைகள் அறுந்தன. தண்ணீர் பள்ளங்களில் விழுந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. 1996-இல் உச்ச நீதிமன்றம், ஏரியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் கல் வெட்டக் கூடாது என்றது. அதற்குள் மலை காயப்பட்டுவிட்டது.

பிறகு, கழிவுநீரைச் சுத்தம் செய்து ஏரியில் விடும் வேலை தொடங்கியது. நல்ல வேலைதான். ஆனால் ஓடை இல்லாத ஏரிக்கு எத்தனை நாள் நாமே தண்ணீர் ஊற்றுவது?

நம் ஊரிலும் ஏரி உண்டு. ஊருக்குப் போனால் ஏரியை மட்டும் பார்க்காதீர்கள். வரத்துக் கால்வாய் வழியே நடந்து பாருங்கள். எங்கே மண் மூடியிருக்கிறது? எங்கே வீடு கட்டியிருக்கிறார்கள்? நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதை மனுவாக எழுதி, கிராம சபையில் கொடுங்கள்.

இப்போதுதான் உங்களுக்கு எழுதத் தெரியுமே!