தேயிலை பறித்தவளுக்குத் தேசம் இல்லையாம்!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

யார் தேசபக்தன், யார் துரோகி, யாருக்குப் பிரஜா உரிமை கொடுக்கலாம், யாரிடமிருந்து பறிக்கலாம் என்று இன்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இந்த விசுவாசப் பரீட்சை நமக்குப் புதிதல்ல. மாஸ்கோவில் மழை பெய்தால் இங்கே குடை பிடிக்கிறவர்கள் என்று நம்மைக் கேலி பேசிய காலம் உண்டு. அது போகட்டும். ஒரே சட்டத்தால் ஏழு லட்சம் உழைப்பாளிகளை இந்தப் பரீட்சையில் தோற்கடித்த கதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நடந்தது. அதைத்தான் இன்று பேசப் போகிறோம். நம் மில்களிலும் ஊர்களிலும் "சிலோன்காரர்" என்று பெயர் வாங்கிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது பக்கத்து மிஷினில் நிற்கும் நமக்கே பாதி தெரியாது.

முதலில் எப்படிப் போனார்கள்? பஞ்சமும் சாதிக் கொடுமையும் பண்ணையார் கடனும் விரட்ட, கங்காணியின் பேச்சை நம்பி, திருச்சி, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம். 1869-க்குப் பிறகு காப்பியை நோய் அழித்தது, தேயிலை வந்தது. காட்டை வெட்டியது அவர்கள். ரோடு போட்டது அவர்கள். கொழுந்து பறித்தது நம் பெண்கள். இலங்கை சர்க்காரின் கஜானா நிறைந்தது அந்தத் தேயிலையால்தான். குடியிருக்கக் கிடைத்ததோ, பத்தடி அறைகள் வரிசையாக நிற்கும் லயன்!

இலங்கை 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் டி.எஸ். சேனநாயகா சர்க்கார் கொண்டுவந்த முதல் பெரிய சட்டங்களில் ஒன்று பிரஜா உரிமைச் சட்டம். இலங்கையிலே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்தவன் என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனைப் பெற்ற பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். லயன் அறையிலே பிறந்த பாட்டனுக்கு எவன் சர்டிபிகேட் எழுதி வைத்தான்? நம்மில் எத்தனை பேர் பூட்டன் பிறந்த இடத்துக்குக் காகிதம் காட்ட முடியும்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம்!

அடுத்த ஆண்டு, 1949-ல், இன்னும் இரண்டு சட்டங்கள். ஒன்று, இந்திய பாகிஸ்தானியர் பிரஜா உரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1-க்கு முன் கல்யாணமானவர் ஏழு வருஷமும், ஆகாதவர் பத்து வருஷமும் இடைவிடாமல் வசித்ததை நிரூபித்து மனுப்போடலாம். இரண்டாவது சட்டம் பிரஜை அல்லாதவனின் ஓட்டைப் பறித்தது. சுமார் எட்டு லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. 1964 வரை தேறியவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வந்தாயா, தாய்க்குப் பணம் அனுப்பினாயா? அப்படியானால் உன் விசுவாசம் இந்தியாவிடம், மனு தள்ளுபடி! இப்படித்தான் விசாரணை நடந்தது. தேயிலையை விற்று லாபத்தை லண்டனுக்கு அனுப்பிய கம்பெனித் துரையிடம், உன் விசுவாசம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தாய்க்குப் பத்து ரூபாய் அனுப்பியது துரோகம். லண்டனுக்கு லட்சம் லட்சமாக அனுப்பியது வியாபாரம்!

உண்மையான காரணம் என்ன? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது போலீஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். அன்றிலிருந்து மலைநாடு விழித்துக்கொண்டது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளிகள் தங்கள் சொந்தப் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள். சமசமாஜிகள் 10, போல்ஷ்விக் லெனினிஸ்டுகள் 5, கம்யூனிஸ்டுகள் 3 என்று செங்கொடிக்காரர்கள் 18 பேர் உள்ளே வந்தார்கள். முதலாளி வர்க்கத்துக்குக் கிலி பிடித்தது. விசுவாசம் என்ற பேச்சுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது இந்த ஓட்டுக் கணக்குதான். 1952 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளியின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

இது தமிழன் சிங்களவன் சண்டை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்போம். யாழ்ப்பாணத்துத் தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948-லேயே அந்த சர்க்காரில் மந்திரியாகப் போய் உட்கார்ந்தாரே, அது எப்படி? அதைச் சகிக்காமல் பிரிந்து வந்தவர் செல்வநாயகம். மறுபக்கம், பார்லிமெண்டில் அந்தச் சட்டங்களை எதிர்த்து முழங்கியவர்களில் என்.எம். பெரேராவும், கொல்வின் ஆர். டி சில்வாவும், பீட்டர் கெனமனும் இருந்தார்கள். அவர்கள் தமிழர்களா?

கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். 1953-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சட்டம் செல்லும் என்று கூறிவிட்டது.

இந்தியா என்ன செய்தது? அவர்கள் இலங்கைப் பிரஜைகளாக இருக்க வேண்டியவர்கள், எங்கள் பிரஜைகள் அல்ல என்றார் நேரு. சட்டப்படி அது நியாயமே. ஆனால் இரண்டு கதவுக்கும் நடுவே நின்றவனுக்கு "நாடற்றவன்" என்று பெயர் வந்தது. பிறகு நேரு போனார், சாஸ்திரி வந்தார். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயகாவுடன் ஒப்பந்தம் போட்டார். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்! சந்தையில் ஆடு பங்கு போடுகிறவன்கூட ஆட்டைத் தொட்டுப் பார்ப்பான். இங்கே தொழிலாளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் சமசமாஜக் கட்சி அந்த சர்க்காரில் இருந்தது. 1948-ல் எதிர்த்து முழங்கிய அதே என்.எம். பெரேரா நிதிமந்திரி! 1974-ல் அந்த மீதி ஒன்றரை லட்சத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தபோது கம்யூனிஸ்ட் கட்சியும் மந்திரிசபையில் இருந்தது. கெனமன் மந்திரி. பெரும்பான்மை ஓட்டுக்கு அஞ்சி, ஓட்டில்லாதவனைக் கைவிட்டார்கள். ஓட்டில்லாதவனுக்காக நாளைக்கு யார் பேசுவார் என்ற கேள்வி நமக்கும் உண்டு, தோழர்களே. அதனால்தான் இதைச் சொல்லுகிறோம்.

கோச்சியில் ஏறித் தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் காம்ப்பில் இறங்கினார்கள். சிலர் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டத்துக்கு, சிலர் நூற்பு மில்லுக்கு, எத்தனையோ பேர் மலையடிவாரத்தில் அன்றாடக் கூலிக்குப் போனார்கள். அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்"! 1984-ல் கப்பலும் நின்றுபோனது.

1983 கலவரத்துக்குப் பிறகு இன்னொரு கூட்டம் அகதியாக வந்தது. அதில் மலைநாட்டு மக்களும் இருந்தார்கள். இங்கே பாருங்கள் ஒரு விசித்திரத்தை. 2003-ல் இலங்கைப் பார்லிமெண்ட், 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜா உரிமை கொடுத்துச் சட்டம் போட்டது. 55 வருஷத்துக்குப் பிறகு! அதே 2003 டிசம்பரில் டில்லிப் பார்லிமெண்ட் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலிய 16 நாடுகளில் பிரஜையாகிவிட்ட இந்தியருக்கு "கடல் கடந்த பிரஜை" என்று ஒரு கதவைத் திறந்தது அந்தச் சட்டம். அதே சட்டம், காகிதமில்லாமல் வந்தவன் "சட்டவிரோதக் குடியேறி", அவன் பதிவுக்கு மனுவே போட முடியாது என்று இன்னொரு கதவை அடைத்தது. தகப்பனோ தாயோ அப்படி வந்தவர் என்றால், 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையும் பிரஜை அல்ல! 2019-ல் வந்த திருத்தமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னது. அதிலும் முஸ்லிம்களை விட்டது. இலங்கையை அடியோடு விட்டது.

கொழும்பிலும் அதே கதைதான். இரட்டைப் பிரஜா உரிமைக்கு அங்கே 1987-லேயே சட்டத்தில் வழி செய்தார்கள். அமெரிக்கப் பிரஜையாகவும் இருந்த பசில் ராஜபக்ச 2021-ல் நிதிமந்திரியானார். அதற்கு வசதியாக முந்தின ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தி வைத்திருந்தார்கள். 2022-ல் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் மறுபடி தடை போட்டார்கள். பாஸ்போர்ட் இரண்டு வைத்திருந்தவர் தேசத்தின் கஜானாச் சாவியை வாங்கலாம். பூட்டன் சர்டிபிகேட் இல்லாத தேயிலைக்காரி ஓட்டுப் போடக் கூடாது!

இனி நம் வேலை. முகாமில் இருக்கும் மலைநாட்டுக் குடும்பங்களுக்குப் பிரஜா உரிமை வேண்டும் என்று இந்தக் கூட்டம் தீர்மானம் போடுகிறது. அதோடு, தாயகம் திரும்பிய குடும்பங்கள் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சீட்டு எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை. வரும் ஞாயிறு காலை சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரிந்த தோழர்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பெயர், பிறந்த தோட்டம், வந்த தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பதிந்து கொள்ளுவோம்.