சீட்டுக் கணக்கும் முதுகலைப் பாடத்திட்டமும்



என் ஆசிரியர்கள் சிலர் முன்வரிசையில் இருக்க, நான் தலைமையுரை ஆற்ற நிற்கிறேன். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் அச்சமாகவும் இருக்கிறது. இந்தப் பொறுப்பைத் தந்த குழுவினருக்கு நன்றி.

பயன்பாட்டு நிதியியல், பொருளியல் முதுகலைப் படிப்பின் அடுத்த கட்டம் என்பது மாநாட்டின் பொருள். பொருளாதார அளவையியல், இடர் மேலாண்மை, இயந்திரக் கற்றல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமர்வுகள் உள்ளன. அவற்றின் தேவையை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அமர்வுகளில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இந்தியக் கடன் சந்தையைக் கற்பிக்கும்போது நாம் 1954-இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வறிக்கையிலிருந்து தொடங்குகிறோம். அது பெரிய பணி, மறுப்பில்லை. ஆனால் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-லேயே தன் அறிக்கையைத் தந்துவிட்டது. லேவாதேவிக்காரர், நிதிகள், நாட்டுக்கோட்டை நகரத்தார், கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பலரைப் பற்றிய சாட்சியங்கள் அதன் தொகுதிகளில் உள்ளன. நம் முதுகலை மாணவர்களில் எத்தனை பேர் அவற்றைப் புரட்டியிருக்கிறார்கள்?

அவையெல்லாம் வரலாற்றுத் துறைக்கு உரியவை என்று மூத்த நண்பர் ஒருவர் முந்தைய கூட்டமொன்றில் சொன்னார். அவருடைய புலமையை மதிக்கிறேன். அந்தக் கருத்தை ஏற்கவில்லை. லண்டன் வங்கிகளுக்கிடையிலான லைபார் வட்டியில் நடந்து 2012-இல் வெடித்த மோசடியை நம் மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தது அவர்களுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: ஒரு சந்தைக்கான வட்டியைச் சிலர் கூடித் தீர்மானிக்கும்போது, அவர்களை நேர்மையாக வைத்திருப்பது எது? இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே அந்தக் கேள்வி முழுதாக விளங்கும்.

நம் பாடத்தில் இடம்பெறாத இன்னொன்று ஏலச்சீட்டு. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத ஏலத்தில் ஒருவர், திரண்ட தொகையில் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார். சீட்டு நடத்துபவருக்கு 5,000 போக மீதி 25,000; ஆளுக்கு 1,250 கழிவு. எடுத்தவர் கையில் 70,000. இனி வரும் ஏலங்களில் மற்றவர்கள் எவ்வளவு தள்ளுகிறார்களோ, அதற்கேற்பவே அவருடைய தவணை குறையும். ஆகவே தன் கடனுக்கு என்ன வட்டி என்று அவராலேயே அன்று சொல்ல முடியாது. ஊரில் பணமுடை வந்து எல்லோரும் கூடுதலாகத் தள்ளினால், முதலில் எடுத்தவரின் கடன் மலிவாகிறது. கடைசிவரை காத்திருப்பவரின் வருவாய் கூடுகிறது. ஆனால், எடுத்தவர்கள் தவணை கட்டாமல் போகும் ஆபத்தும் அதே நேரத்தில்தான் பெருகும். உள்ளக வருவாய் விகிதத்தையும் கடன் இடரையும் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. பெஸ்லி, கோட், லூரி மூவரும் 1993-இல் சுழல் சேமிப்புக் குழுக்களுக்குக் கோட்பாடு எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் பாடமாக வைக்கும் நாம், அடுத்த தெருவில் நடக்கும் ஏலத்தைக் கணக்கிட மாணவரை அனுப்புவதில்லை.

வேலை தருபவர்கள் நிரல் எழுதத் தெரிந்தவர்களைத்தான் கேட்கிறார்கள் என்பது எதிர்ப்பவர்களின் அடுத்த வாதம். கேட்கட்டும், நிரலும் கற்பிப்போம். ஆனால் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ சேரும் பட்டதாரி, சம்பளச் சீட்டே இல்லாத கடைக்காரருக்குக் கடன் தரலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கடைக்காரரின் சேமிப்பு பெரும்பாலும் சீட்டிலும் நகையிலும் கைமாற்றிலும் இருக்கிறது. அவை தரவுத்தளத்தில் ஏறாதவை. மாணவருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாவிட்டால், எவ்வளவு நுட்பமான மாதிரியும் அந்த மனிதரைக் கடன் பெறத் தகுதியற்றவர் என்றே காட்டும்.

மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தம் சொந்த ஊர்களை ஆய்வு செய்யச் சொன்னார். இருவேல்பட்டு உள்ளிட்ட ஊர்களைப் பற்றிய நூல் 1918-இல் வந்தது. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்து 1940-இல் வெளியிட்டார்கள். இந்த மரபைப் பழங்கதையாக ஒதுக்கியது நாம் செய்த தேர்வு. அதை மாற்றவும் நம்மால் முடியும்.

எனவே இரண்டு கோரிக்கைகளை இந்த அவை முன் வைக்கிறேன். முதுகலை ஆய்வேடு எழுதும் ஒவ்வொருவரும் விசாரணைக் குழுச் சாட்சியம் போன்ற ஒரு மூல ஆவணத்தைப் படித்து, அதிலுள்ள ஒரு கூற்றையாவது இன்றைய தரவோடு சோதிக்க வேண்டும். முதல் பருவத்திலேயே ஒரு சீட்டையோ நகைக்கடனையோ களத்தில் பார்த்து, அதன் உண்மை வட்டியைக் கணக்கிட வேண்டும். எதிர்ப்பவர்கள் நாளைய பாடத்திட்ட அமர்வில் தங்கள் காரணங்களை எழுத்தில் தர வேண்டுகிறேன். அவற்றுக்குப் பதில் சொல்ல நான் அங்கே இருப்பேன். மாநாடு இனிதே தொடங்கட்டும்.