வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வாசல் காவல் வேண்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வட்டி என்று பேசும் கூட்டத்தில் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பீங்க. காரணம் இருக்கு. பிள்ளைகள் படிப்புக்காக நம்மில் சிலர் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் போட்டிருக்கோம். குழுவின் வரவு செலவு, உறுப்பினர் பட்டியல், ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் அதிலேயே ஏறிவிடுகிறது. இது ஒரு வீட்டுச் சொத்து இல்லை, குழுவில் உள்ள அத்தனை குடும்பத்தின் விவரம்.

ஃபயர்வால் என்றால் என்ன?

இணையத்தோடு சேர்ந்த கம்ப்யூட்டருக்குத் தகவல் வந்து போக 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாசல்கள் உண்டு. இதை 'போர்ட்' என்பார்கள். நாம் கேட்ட தகவலை உள்ளே விட்டு, கேட்காமல் வந்து தட்டுவதை வெளியே நிறுத்துவதுதான் ஃபயர்வால்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்றேன். 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற கிருமி உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. இணையத்தில் இருந்தாலே போதும், உள்ளே வந்துவிட்டது. அப்போது விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தும், அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2004-ல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான் தானாக இயங்கும்படி செய்தார்கள். 2017 மே மாதம் வந்த 'வானாக்ரை' கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் அதோடு வரும் ஃபயர்வாலே வீட்டுக்குப் போதும். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்பதைத் திறந்து, ஃபயர்வால் பகுதியில் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள்.

கடையில் வாங்கிய ஆன்டிவைரஸோடு ஃபயர்வாலும் வந்தால், இரண்டில் ஒன்று மட்டும் இயங்கட்டும். ஒரே வாசலில் இரண்டு காவல்காரர் நின்றால் சண்டைதான். வருட சந்தா முடிந்ததும் விண்டோஸ் ஃபயர்வால் மறுபடி இயங்குகிறதா என்று மறக்காமல் பார்க்கணும்.

'உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து, இலவச ஃபயர்வால் இறக்குங்கள்' என்று திரையில் வந்தால் தொடவே தொடாதீங்க. அதுவே திருடனாக இருக்கலாம். ஏதாவது ஒரு புரோகிராம் 'அனுமதிக்கலாமா' என்று கேட்டால், தெரிந்ததற்கு மட்டும் 'அலோ' கொடுங்கள்.

பிராட்பேண்ட் ரவுட்டரும் ஒரு காவல்தான். அதன் அமைப்புப் பக்கத்துக்குப் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையே பலர் வைத்திருக்கிறோம். இன்றே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டையும் ஊருக்கே கொடுக்க வேண்டாம்.

ஃபயர்வால் செய்யாதது

போனில் கேட்பவரிடம் நாமே ஓடிபி எண்ணைச் சொன்னால் எந்த ஃபயர்வாலும் காப்பாற்றாது. நாமே திறந்த கெட்ட இமெயிலையும் அது தடுக்காது. ஆகவே அப்டேட்டும் ஆன்டிவைரஸும் அவசியம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அது வைத்திருப்பவர்கள் அடுத்து என்ன செய்வது என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். குழுக் கணக்கை மாதம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுத்து, கழற்றித் தனியாக வையுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்படாமல் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் மீட்பது கஷ்டம்.

சகோதரிகளே, 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பையன் பார்த்துக்குவான்' என்று ஒதுங்க வேண்டாம். பேங்க் படிவமும் ஒரு காலத்தில் நமக்குப் புதுசுதான். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'ஃபயர்வால் எங்கே, காட்டு' என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் கம்ப்யூட்டர் உள்ள ஒவ்வொரு குழுவும் இதைச் சரிபார்த்து, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வாருங்கள்.