180 கேள்வி, 70 வளைவு: கொல்லிமலைத் தம்பி தங்கைகளுக்கு

(கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில், மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களிடமும் பெற்றோரிடமும் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வல்வில் ஓரி ஆண்ட மலை இது. காப்பிக் கொட்டை காயப்போட்ட கையோட வந்திருக்கிற அம்மாக்களுக்கும், முன்வரிசையில நோட்டோட உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் முதல் வணக்கம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல. இன்ஜினியரிங் முடிச்ச பையன். காலேஜ்ல எம்-3 பேப்பர்ல அரியர் வச்சவன். ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சுப் படிச்சேன், ஃபெயில். அடுத்த தடவை புத்தகத்தை மூடி வச்சுட்டு, பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்தேன், பாஸ். அந்த வித்தியாசம் ஏன் வந்துச்சுன்னு அப்புறமாத்தான் தேடிப் படிச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீட் வேணுமா வேண்டாமாங்கிற போராட்டம் ஒரு பக்கம் நடக்குது, நடக்கணும். 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017ல இழந்தோம். அதை மறக்க மாட்டோம். ஆனா போராட்டம் முடியுற வரைக்கும் உங்க பிளஸ் 2 காத்திருக்காது. மே மாசம் வந்தா தேர்வு வரும். அதனால இன்னைக்கு அரசியல் கொஞ்சம், படிப்பு நிறைய.

கணக்கைப் பாருங்க. 180 கேள்வி. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. நேரம் 180 நிமிஷம், மொத்தம் 720 மார்க். சரியா எழுதினா 4, தப்பானா ஒண்ணு போகும். அந்த ஒண்ணுக்குப் பயந்து நிறைய பேர் தெரிஞ்சதையே விட்டுட்டு வர்றாங்க. நாலு விடையில ரெண்டு தப்புன்னு உறுதியா தெரிஞ்சா, மிச்ச ரெண்டுல ஒண்ணைத் தைரியமா போடுங்க. சராசரியா கேள்விக்கு ஒன்றரை மார்க் உங்களுக்கு வரும். இது சூதாட்டம் இல்ல, பிளஸ் 2 நிகழ்தகவுக் கணக்கு.

"மலையில கோச்சிங் சென்டர் இல்லையே அண்ணா"ன்னு கேப்பீங்க. உண்மைதான். கீழ நாமக்கல்ல பணம் கட்டினா கிடைக்குது. அந்த அநியாயத்தை நான் மறைக்கல. ஆனா புத்தகத்துல இருக்கிற பாதி விஷயம் உங்க வீட்டைச் சுத்தியே இருக்கு.

காரவள்ளியில இருந்து மேல ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலயும் டிரைவர் அண்ணன் ஏன் வேகத்தைக் குறைக்கிறார்? மையநோக்கு விசை. சமதளச் சாலையில அந்த விசையைத் தர்றது டயருக்கும் தாருக்கும் நடுவுல இருக்கிற உராய்வுதான். வளைவோட ஆரம் 10 மீட்டர், உராய்வுக் குணகம் 0.4ன்னு வச்சுக்கோங்க. மூணையும் பெருக்கி, 0.4 × 10 × 10 = 40, வர்க்கமூலம் எடுத்தா நொடிக்கு 6.3 மீட்டர். மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர். அதுக்கு மேல போனா வண்டி வழுக்கும். நீங்க வாரம் வாரம் உட்கார்ந்து வர்ற கணக்கு இது.

பலாப்பழம் வெட்டுறீங்க. ஒவ்வொரு சுளையும் ஒரு பூவுல இருந்து வந்தது. ஒரு மஞ்சரி முழுக்கச் சேர்ந்து ஒரே கனியாகுது. அதுதான் கூட்டுக்கனி. அன்னாசியும் அப்படித்தான். மேல ஏறும்போது காது அடைக்குதே, எச்சில் விழுங்கினா திறக்குதே, அதுதான் யூஸ்டேஷியன் குழல். சந்தைக்குப் போற பழத்தையும் நீங்க வர்ற பஸ்ஸையும் பாடத்தோட முடிச்சுப் போடுங்க. மறக்காது.

இப்ப மறதிக்கு வர்றேன். எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன் உளவியல் அறிஞர் தன்னையே வச்சு பண்ணின சோதனையை 1885லயே வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணிட்டு, ஒரு நாள் கழிச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான் நின்னுச்சு. அதனால படிச்சது மறந்தா உங்க மூளையில குறைன்னு நினைக்காதீங்க. எல்லார் மூளையும் அப்படித்தான்.

2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வுல மாணவர்களை ரெண்டு விதமாப் படிக்க வச்சாங்க. ஒரு விதத்துல பாடத்தைத் திரும்பப் படிச்சாங்க. இன்னொரு விதத்துல ஒருதடவை படிச்சுட்டு, மூடி வச்சு, நினைவுல இருந்து எழுதிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷத்துல கேட்டப்போ திரும்பப் படிச்சதுதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு? திரும்பப் படிச்சதுல 42 சதவீதம் நின்னுச்சு, எழுதிப் பார்த்ததுல 56. என் அரியர் கதையோட விளக்கம் இதுதான். தினமும் ஒரு பாடம் மூடி வச்சு எழுதுங்க. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு திரும்ப எழுதுங்க. இதுக்கு சிக்னல் வேண்டாம், காசும் வேண்டாம்.

இன்னொண்ணு. தமிழ்ல எழுதுறவங்களுக்குக் கேள்வித்தாள்ல ஆங்கிலமும் பக்கத்துலயே இருக்கும். மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா ஆங்கிலம்தான் செல்லும். 2018ல தமிழ்க் கேள்வித்தாள்ல 49 கேள்வி தப்புன்னு வழக்குப் போச்சு. உயர் நீதிமன்றம் 196 மார்க் கொடுக்கச் சொல்லியும் உச்ச நீதிமன்றத்துல நிக்கல. அதனால மையநோக்கு விசைன்னு எழுதுற இடத்துலயே சென்ட்ரிபீட்டல் ஃபோர்ஸ்னும் எழுதிப் பழகுங்க.

அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேலை இருக்கு. ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 2020ல இருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியும் இதுல சேரும். அதுல சீட் கிடைச்சா கட்டணத்தை அரசே கட்டுது. ஆனா பழங்குடியினர் சான்றிதழைத் தர வேண்டியது கோட்டாட்சியர். கவுன்சிலிங் வந்தப்புறம் ஓடாதீங்க, இப்பவே விண்ணப்பிச்சு வைங்க. பிள்ளை படிச்சு ஜெயிச்சு, காகிதம் இல்லாம தோத்துடக் கூடாது.

கடைசியா, கேள்வித்தாள்ல இல்லாத ஒரு பாடம். அமெரிக்காவுல மருத்துவம் படிக்க எம்கேட்னு ஒரு தேர்வு. 2015ல இருந்து அதுல உளவியலுக்கும் சமூகவியலுக்கும் ஒரு தனிப் பகுதி, 59 கேள்வி. மனுஷனைப் புரிஞ்சுக்காதவன் டாக்டர் ஆகக் கூடாதுன்னு அவங்க முடிவு பண்ணியிருக்காங்க. நம்ம 180 கேள்வியில அது கிடையாது. காய்ச்சல் வந்த பிள்ளையை ஏன் மூணு நாள் வீட்லயே வச்சிருந்தாங்க, "மேலுக்கு முடியல"ன்னு ஒரு பாட்டி சொன்னா என்ன அர்த்தம், ராத்திரி மலையிறங்க எவ்வளவு யோசிப்பாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு அது தெரியும்.

கதிர் அரிவாள் இரத்தச்சோகை நீட்ல அடிக்கடி வர்ற பாடம். குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வாலின்னு எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க. இந்தியாவுல அந்த மரபணுவை முதல்ல கண்டுபிடிச்சது 1952ல, நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்ட. மத்தவங்களுக்கு அது நாலு மார்க். நமக்கு அது சொந்தக்காரங்க உடம்பு. அதனாலதான் மலைக்கு மலையில பிறந்த டாக்டர் வேணும்னு சொல்றேன். நாமக்கல்ல 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. அந்த வாசலுக்கு இங்கிருந்து பஸ் போகுது.

பயம் வந்தா ஒரு பத்து நிமிஷம் அந்தப் பயத்தை அப்படியே பேப்பர்ல எழுதுங்க. தேர்வுக்கு முன்னாடி அப்படி எழுதின மாணவர்கள் நல்லா எழுதினாங்கன்னு 2011ல ஆய்வு வந்திருக்கு. அதையும் தாண்டி மனசு இருண்டா 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்க. ஒரு தேர்வு போனா அடுத்த வருஷம் திரும்ப வரும். நீங்க போனா வர மாட்டீங்க. பெத்தவங்களும் மார்க் வர்ற அன்னைக்கு முதல்ல சோறு போடுங்க, அப்புறம் மார்க்கைக் கேளுங்க.

இதைப் படிக்கிற நம்ம தோழர்களுக்கு: லைக் போட்டுட்டு நகராதீங்க. உங்க ஊர் அரசுப் பள்ளியில நீட் எழுதுற ஒரு பிள்ளைக்குப் பழைய கேள்வித்தாளைப் பிரிண்ட் எடுத்துக் கையில கொடுங்க. சிக்னல் இல்லாத ஊருக்கு பி.டி.எஃப். போய்ச் சேராது, காகிதம் போய்ச் சேரும்.



#கொல்லிமலை #ஆலத்தூர்நாடு #மலைக்குஒருடாக்டர்