பெட்டியின் எடையும் கைச்சில்லறையும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சம்மேத சிகரத்திற்கு யாத்திரை சென்று வந்தோர் இந்த அவையில் பலர் உண்டு. மலையேற இயலாத முதியோரை டோலியில் சுமந்து செல்லும் தொழிலாளர், ஏறுபவரின் எடையை அறிந்த பின்னரே கூலி பேசுவர் என்பதை அவர்கள் அறிவர். அக்கணக்கில் ஒளிவுமறைவு இல்லை. சுமை இன்னது, கூலி இன்னது என்பது இரு தரப்பிற்கும் தெரிகிறது. மீகாங் ஆற்றில் வழிகாட்டியுடன் செல்லும் கப்பற்பயணத்தில் அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. பயணி பெட்டியைப் பேருந்தருகே விட்டுவிட்டு நடக்கிறார். அவர் அறைக்குள் நுழையும்போது பெட்டி அங்கே காத்திருக்கிறது. இடையில் அதைத் தோளில் ஏற்றியவர் யார், எந்தச் சரிவில் இறங்கினார் என்பது பயணியின் கண்ணில் படாமலே போய்விடக்கூடும். பெட்டி கட்டுவதும் பணம் எடுத்துச் செல்வதும் தனித்தனிச் செய்திகளாகவே பேசப்பட்டு வருகின்றன. அவ்விரண்டும் சந்திக்கும் இடம் அந்த ஆற்றங்கரை.

அண்மைக் காலத்தில் பணி ஓய்வு பெற்றோர் பலர் அயல்நாட்டு ஆற்றுலாவை விரும்பத் தொடங்கியிருக்கின்றனர். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரொன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் கம்போடியாவின் சியம் ரீப் நகரிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரம் வரை ஏழு இரவுப் பயணம் புறப்படுகின்றனர் என்று கொள்ளலாம். அங்கோர் கோயில்களைக் கண்டபின் கப்பலேறி, கம்போங் சாம், புனோம் பென் நகரங்களைக் கடந்து, ஆற்றின் வழியாகவே எல்லை தாண்டி, சா டெக், காய் பே முதலிய ஊர்களைப் பார்த்துத் திரும்புவது வழக்கமான திட்டம்.

பயண ஏற்பாட்டாளர் "உணவு, தங்குமிடம், சுற்றிப்பார்த்தல் அனைத்தும் அடக்கம்" என்று சொல்லியிருப்பார். "எல்லாம் கட்டியாச்சேங்க, இனிமே பணம் எதுக்கு?" என்று அம்மையார் கேட்பார். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று ஆசிரியர் நூறு டாலர்த் தாள்களாகப் பத்தை வாங்கி வைப்பார். இருவர் கணிப்பும் பிழையானவை. அங்கு அன்றாடம் தேவைப்படுவது பணமே. ஆனால் அது சிறு தாள்களாக இருக்க வேண்டும்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது, தோன்லே சாப் என்னும் கிளையாறு தன் போக்கை மாற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடிப் பேரேரியை நிரப்புகிறது. மழை ஓய்ந்தபின் மீண்டும் திசை மாறி ஏரிநீர் மீகாங்கை நோக்கி வடிகிறது. கோடையில் அந்த ஏரியின் ஆழம் ஒரு மீட்டர் அளவிற்குக் குறைந்துவிடும். ஆதலின், நீர் நிறைந்த மாதங்களில் மட்டுமே பெரிய கப்பல்கள் ஏரியைக் கடக்க இயலும். ஏனைய மாதங்களில் பயணிகளைச் சியம் ரீப்பிலிருந்து பேருந்தில் பல மணி நேரம் அழைத்துச் சென்று, கம்போங் சாம் போன்ற இடத்தில் கப்பலேற்றுகின்றனர். மீகாங்கின் நீர்மட்டம் மழைக்காலத்திற்கும் கோடைக்கும் இடையே 8 மீட்டருக்கும் மேல் வேறுபடும். வெள்ளக் காலத்தில் கரையோடு கரையாக நிற்கும் கப்பல், கோடையில் இரண்டு மாடி உயரம் கீழே இறங்கி நிற்கிறது என்று பொருள். பல இடங்களில் கட்டப்பட்ட துறை கிடையாது. மண்ணில் வெட்டிய படிகளும், பலகைப் பாலமும், பிடித்துக்கொள்ள ஒரு மூங்கிற் கழியுமே உண்டு. விமான நிறுவனம் 30 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காக முப்பதையும் நிரப்பிய பெட்டி, அந்தப் படிகளில் ஒரு கப்பற்பணியாளரின் தோளின்மேல்தான் இறங்குகிறது. சக்கரங்கள் சேற்றில் உருளா.

ஒருவருக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ போதுமானது. கப்பலில் சலவை வசதி உண்டு, கட்டணம் பெரிதன்று. ஆகவே நான்கைந்து மாற்றுடைகள் இருந்தால் வாரம் கழியும். அறைகள் சிறியவை. மடங்கக்கூடிய துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கெட்டியான பெரிய சூட்கேஸ் வழியை மறித்து நிற்கும். அங்கோர் கோயில்களின் மேல்தளங்களுக்கும் புனோம் பென் அரண்மனைக்கும் தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டையும் சுடிதாரும் எடுத்துச் செல்வது வெயிலுக்கும் உதவும், கொசுவைக் கொல்லாமல் விலக்கி வைப்பதற்கும் உதவும். காஞ்சிப் பட்டைப் பெட்டியில் வைக்கும் ஆசையைக் கைவிடுதல் கடினமே; இருப்பினும் இரவு விருந்திற்குக்கூட அங்கே எவரும் பட்டெதிர்பார்ப்பதில்லை. கழற்றி மாட்ட எளிதான, தோலல்லாத, நனைந்தால் விரைவில் உலரும் காலணி ஒன்றும், கப்பலுக்குள் அணிய இன்னொன்றும் தேவை. சேறு படிந்த காலணிகளைக் கப்பலின் வாயிலிலேயே வாங்கிக் கழுவித் தரும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. அதையும் ஒருவர் குனிந்து அமர்ந்துதான் செய்கிறார்.

உணவைப் பற்றிச் சமணக் குடும்பத்தார் தனியே சிந்திக்க வேண்டும். கம்போடியச் சமையலில் பிரஹோக் எனப்படும் புளித்த மீன்விழுதும், வியட்நாமியச் சமையலில் மீன்சாறும் உப்பைப் போலப் பயன்படுகின்றன. காய்கறிக் குழம்பு என்று பெயர் இருந்தாலும் அவற்றில் ஏதேனும் ஒன்று கலந்திருக்கக்கூடும். வியட்நாமியப் பௌத்தரிடையே 'ஆன் சாய்' என்று ஒரு மரக்கறி உணவுமுறை உண்டு. அதில் மீன்சாறு சேராது. ஆயினும் கிழங்கு வகைகள் சேரும். ஆகவே "சைவ உணவு" என்ற ஒரு சொல்லோடு பதிவுப் படிவத்தை முடித்துவிடலாகாது. உண்ணாதவை எவை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, பயணத்திற்கு முன்பே எழுத்தில் அனுப்ப வேண்டும். அங்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணியளவில் பொழுது சாய்ந்துவிடுகிறது. கப்பலின் இரவுணவோ பெரும்பாலும் ஏழு மணிக்குமேல். கதிரவன் மறையுமுன் உண்ணும் நியமம் உடையோர், முதல் நாளே உணவுக்கூட மேலாளரிடம் சொல்லி பொழுது சாயுமுன்பே தட்டை வரவழைத்துக்கொள்ளலாம். பணிவாகச் சொன்னால் மறுப்பவர் அரிது.

அதற்குத் துணையாக வீட்டிலிருந்து எடுத்துச் செல்வன: அவல், பருப்புப்பொடி, பொருள்விளங்காய் உருண்டை, வறுத்த சத்துமாவு. புளிக்காய்ச்சலும் எண்ணெய் ஊறுகாயும் விமானக் கைப்பையில் செல்லா. பதிவுப் பெட்டியில் இரட்டை உறையிட்டு வைக்க வேண்டும். மின்கெண்டி முதலிய சூடேற்றும் பொருள்களைக் கப்பல்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. வெந்நீர் கேட்டால் கிடைக்கும், அவலுக்கும் சத்துமாவுக்கும் அதுவே போதும். நீர் வடிகட்டும் துணியைச் சிலர் மறவாமல் எடுத்துச் செல்வர், நன்று. ஆனால் வடிகட்டியதனால் மட்டும் குழாய்நீர் குடிநீர் ஆகிவிடாது. கப்பலில் தரும் தூய்மையாக்கிய நீரையே வடிகட்டிக் குடிக்கலாம்.

மருந்துகளைக் கைப்பையிலும் பெட்டியிலுமாகப் பிரித்து, அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு வைத்தல் வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே செல்லலாம். கடவுச்சீட்டு, இரு நாட்டு விசாக்கள் ஆகியவற்றின் படிகள் துணைவியார் பையிலும் ஒன்று இருக்கட்டும். ஏனெனில் எல்லையில் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, அனைவரின் கடவுச்சீட்டுகளையும் அலுவலர் மொத்தமாக எடுத்துச் சென்று முத்திரை பெற்று வருவர். அவ்வேளையில் பயணியின் கையில் படியே எஞ்சும்.

இனிப் பணம். இந்தியாவிலிருந்து செல்வோர் ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் மதிப்பு வரை அயல்நாட்டு நாணயத்தாளாக வாங்கலாம். எஞ்சியதை முன்பணம் ஏற்றிய பயண அட்டையில் கொண்டுசெல்லலாம். ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து டாலர் வாங்குவதற்கு 50,000 ரூபாய் என்ற வரம்பு உண்டு. அதற்குமேல் வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். வங்கி அட்டையில் அயல்நாட்டுப் பயன்பாடு இயல்பாகத் திறந்திருப்பதில்லை. புறப்படுமுன் வங்கிச் செயலியில் அதைத் திறந்து வைக்காமல், புனோம் பென்னில் ஏ.டி.எம். முன் நின்று மகனைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலர். அட்டையைத் தேய்க்கும்போது "ரூபாயில் பற்று வைக்கலாமா?" என்று பொறி கேட்டால், வேண்டா என்றே அழுத்த வேண்டும். அந்த வசதிக்குப் பின்னால் கூடுதல் விலை மறைந்திருக்கும்.

கம்போடியாவில் அமெரிக்க டாலரும் ரியலும் ஒரே கல்லாவில் புழங்குகின்றன. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். அமெரிக்க நாணயக்காசுகள் அங்குச் செல்லா. ஆகவே ஒன்றரை டாலர்ப் பொருளுக்கு இரண்டு டாலர் கொடுத்தால் மீதி 2,000 ரியலாக வரும். இதை ஏமாற்று என்று எண்ணிச் சண்டையிடுவோர் உண்டு, கணக்குச் சரியே. கிழிசல், பேனாக்குறி, ஆழ்ந்த மடிப்பு உள்ள டாலர்த் தாளை அங்குள்ள கடைக்காரர் வாங்கமாட்டார். அவரிடம் கொடுக்கப்படும் அதே தாளை மீதியாகப் பெறும் பயணியும் திருப்பிப் பார்த்தே வாங்க வேண்டும். இந்தியாவில் டாலர் வாங்கும்போதே புதிய தாள்களைக் கேட்டு, அவற்றுள் பெரும்பகுதியை ஒன்று, ஐந்து, பத்து என்னும் மதிப்புகளில் பெற்றுக்கொள்ளுதல் நன்று. ஆசிரியரின் நூறு டாலர்த் தாளுக்கு இளநீர்க் கடையில் மதிப்பே இல்லை.

வியட்நாமில் சட்டப்படி விலைகள் டொங்கிலேயே சொல்லப்பட வேண்டும். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25,000 டொங் என்பதால் சுழிகள் கண்ணைக் கட்டும். மூன்று சுழிகளை நீக்கி மூன்றரையால் பெருக்கினால் ரூபாய் மதிப்பு தோராயமாகக் கிடைக்கும்: 20,000 டொங் எழுபது ரூபாய், 500,000 டொங் ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். இடர் எங்கெனில், இவ்விரு தாள்களும் நீலச் சாயலில் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. இரண்டிலும் ஹோ சி மின்னின் முகமே. மங்கலான மாலையில், படகுத் துறையில், அவசரமாக நீட்டும் கை ஆயிரத்து எழுநூறு ரூபாயை எழுபது ரூபாய்க்குக் கொடுத்துவிடும். தாள்கள் வழவழப்பான நெகிழியால் ஆனவையாதலின் இரண்டு ஒட்டிக்கொண்டும் வரும். பெரிய நீலத்தாள்களைத் தனி உறையில் வைத்துவிட்டு, கைப்பையில் சிறியவற்றை மட்டும் வைத்துக்கொள்வதே தீர்வு. முதியோர் இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, இளையோரும் தவறுகின்றனர்.

இனி, இச்சில்லறை யாருக்குச் செல்கிறது என்பதற்கு வரலாம். அன்பளிப்புக்கு எவ்வளவு என்று பயண ஏற்பாட்டாளரிடம் பதிவின்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது முறை. சில நிறுவனங்கள் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன, சில சேர்ப்பதில்லை. கப்பலில் பொதுவாக ஒரு பெட்டி இருக்கும். அதில் இடுவது சமையலறை, சலவை, இயந்திர அறை என்று பயணி முகம் காணாத பணியாளருக்கும் பங்கிடப்படும். சிரித்த முகத்தோடு தட்டை வைத்தவருக்கு மட்டும் தனியே கொடுத்துவிட்டுப் பெட்டியை மறந்தால், பெட்டியைச் சுமந்தவருக்கு ஒன்றும் சேராது. வழிகாட்டிக்கும், சைக்கிள் ரிக்ஷா மிதிப்பவருக்கும், காய் பே ஓடைகளில் சிறுபடகைத் துடுப்பால் செலுத்தும் பெண்களுக்கும் அவ்வப்போதே கையில் தர வேண்டும். அவர்களை மறுநாள் காண இயலாது. அந்தப் படகோட்டிப் பெண்கள் பலர் நடுவயதைக் கடந்தவர்கள். கூம்புத் தொப்பிக்குள் முகத்தை மறைத்தபடி வெயிலில் துடுப்பிடுகின்றனர். சிறு தாள் இல்லாத பயணி அவரிடம் கைகூப்பிவிட்டு இறங்கிச் செல்கிறார். அவ்விடத்தில் கஞ்சத்தனம் சிறிதும் இல்லாமலிருக்கலாம். ஆனால் அப்பெண்ணின் கை வெறுங்கையாகவே திரும்புகிறது.

ஒரு விலக்கும் உண்டு. கம்போடியக் கரைகளில் சிறுவர் சிறுமியர் கைக்கயிறும் அஞ்சலட்டையும் துண்டும் விற்க ஓடி வருவர். பத்து வரை தமிழில் எண்ணிக் காட்டினாலும் வியப்பதற்கில்லை; அத்தனை நாட்டுப் பயணிகளிடம் மொழி கற்றவர்கள். மனம் இளகும். எனினும் குழந்தை கொண்டுவரும் வருவாய் அக்குழந்தையைப் பள்ளியிலிருந்து கரைக்கு இழுக்கிறது என்பதால், குழந்தைகளிடம் வாங்கவோ அவர்களுக்குக் கொடுக்கவோ வேண்டா என்று அங்குள்ள குழந்தை நல அமைப்புகள் வேண்டுகின்றன. அதே துண்டை நெய்யும் தாயின் கடை ஊருக்குள் இருக்கும். அங்கே சென்று, அதே விலைக்கு, பேரம் மிகுதியாகப் பேசாமல் வாங்கலாம்.

பயணம் முடியும் தறுவாயில் ஒரு சிறு கணக்கு எஞ்சும். ரியலை வியட்நாமிலோ சென்னையிலோ மாற்றுவது அரிது; ஆகவே கப்பல் எல்லை தாண்டுமுன் புனோம் பென்னிலேயே அதைத் தீர்த்துவிட வேண்டும். டொங்கை ஹோ சி மின் விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம். மீந்த டாலர்களில் 2,000 வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள விதி இடமளிக்கிறது. அதற்கு மேற்பட்டதை நாடு திரும்பிய 180 நாள்களுக்குள் வங்கியிலோ பணமாற்று நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். ஆசிரியரின் பத்து நூறு டாலர்த் தாள்களுள் ஏழேனும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்திருக்கும். அம்மையாரின் சுருக்குப்பையில் இருந்த ஒரு டாலர்த் தாள்களுள் ஒன்றுகூட மிஞ்சியிராது.