ஊசியும் வேண்டும், சீட்டும் வேண்டும்

(புந்தோங்கில் நடைபெற்ற சுகாதார விளக்கக் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



கைக்குழந்தைக்குத் தடுப்பூசி அவசியம் என்பதை இன்று நம் தாய்மார்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் தடுப்பூசி தொட்டிலோடு முடிந்துவிடுவதன்று. ஊசியால் உடல் பெறும் எதிர்ப்பாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. குறைந்ததை மீண்டும் உயர்த்துவதற்கே ஊக்கத் தடுப்பூசி போடப்படுகிறது.

ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயை எடுத்துக் கொள்வோம். இந்நோய்க்கு எதிராக ஒருவர் ஆறு ஊசிகள் பெற வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டின் அட்டவணையும் அவ்வாறே அமைந்துள்ளது. 2, 3, 5 ஆம் மாதங்களில் மூன்று ஊசிகள்; 18 ஆம் மாதத்தில் ஒன்று; ஏழு வயதில் முதலாம் ஆண்டில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒன்று; பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தில் ஒன்று. இவையன்றி, பதின்மூன்று வயது மாணவியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2010 ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் இலவசமாகப் போடப்பட்டு வருகிறது. பள்ளியிலிருந்து இசைவுப் படிவம் வந்தால், பெற்றோர் அதனைப் படித்துக் கையொப்பமிட்டு உடனே திருப்பி அனுப்ப வேண்டும். படிவம் பையிலேயே கிடந்தால் பிள்ளையின் முறை தவறிப் போகும். பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று விசாரியுங்கள்.

இனி, பெரியவர்களின் நிலையைப் பார்ப்போம். செம்பனைக் குலை வெட்டும்போது அரிவாள் காலில் பட்டுவிடுகிறது. அல்லது துருப்பிடித்த ஆணி பாதத்தில் ஏறிவிடுகிறது. மருத்துவமனையில் கேட்கப்படும் முதற் கேள்விகளுள் ஒன்று, “கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள்?” என்பது. ஊசிகளை முறையாகப் பெற்றவருக்கு, சிறிய, தூய்மையான காயமானால் பத்து ஆண்டுகளுக்குள்ளும், மண்ணும் அழுக்கும் படிந்த காயமானால் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் மீண்டும் ஊசி தேவைப்படாது என்பது பொதுவான மருத்துவ விதி. விவரம் தெரியாதவரை ஊசியே பெறாதவராகக் கருதுவது வழக்கம். அழுக்கான காயமானால் அவருக்குத் தடுப்பூசியோடு நோயெதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படலாம். “போட்டதாக நினைவு” என்னும் விடை மருத்துவருக்குப் பயன்படாது.

அந்நாளில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் நம் விவரங்களைப் பேரேட்டில் எழுதி வைப்பார். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. பல இடங்களில் மருந்தகத்தோடு அந்த ஏடுகளும் மறைந்தன. லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டு வந்தார்கள். தடுப்பூசி விவரத்தைக் கொண்டு வந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே, இன்று நம் ஏட்டை நாமே காக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அந்த ஏட்டில் என்ன இருக்க வேண்டும்? பெயர், அடையாள அட்டை எண், தடுப்பூசியின் பெயர், மருந்தின் தொகுதி எண், போட்ட தேதி, எத்தனையாவது ஊசி என்பது, போட்ட இடத்தின் முத்திரை, கையொப்பம் ஆகியவை. நம்மவர் பெயர்கள் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் மலாய் எழுத்தில் பதியப்படுவதுண்டு. ஆதலின், அடையாள அட்டை எண் சரியாக உள்ளதா என்பதை அங்கேயே பாருங்கள்.

அடுத்து, கட்டணத்தைப் பற்றிச் சில சொற்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கான வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். தனியார் கிளினிக்கிற்குச் செல்வோர், ஊசி போடுவதற்கு முன்னரே மொத்தச் செலவைக் கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்துகளின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்னும் ஆணை 2025 மே 1 முதல் நடப்பில் உள்ளது.

ரசீதில் “ஊசி” என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. டெட்டனஸ் தனி ஊசி வேறு. அதனுடன் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகியவற்றையும் தடுக்கும் கூட்டு ஊசி வேறு. எது போடப்பட்டது என்பதைப் பெயர் சொன்னால்தான் அறியலாம். மருத்துவர் கட்டணம், மருந்தின் விலை ஆகியவற்றையும் பிரித்து எழுதித் தரக் கேளுங்கள்.

இந்த ரசீதுக்கு மற்றொரு பயனும் உண்டு. அந்தக் கூட்டு ஊசி, சளிக்காய்ச்சல் ஊசி முதலியவற்றுக்குச் செலவிட்ட தொகையில் 1,000 வெள்ளி வரை 2021 ஆம் வரி ஆண்டு முதல் வருமான வரி விலக்குப் பெறலாம். ஈப்போவில் வேலை பார்த்து வரி செலுத்தும் உங்கள் பிள்ளைகள் இதனை அறிந்திருக்க வேண்டும். ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்துவதும் கட்டாயம். வேலையிடத்தில் காயமுற்றோர் உடனே முதலாளியிடம் தெரிவியுங்கள். அவர் 48 மணி நேரத்திற்குள் பெர்கேசோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அதற்கும் சிகிச்சைச் சீட்டுகள் துணைநிற்கும்.

கோவிட் காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டோம். 2021 இல் ஊசி போட்டதற்கான சான்று கைப்பேசியில் இருந்தவர்களே உணவகத்தில் அமர்ந்து உண்ண முடிந்தது. சான்றின் மதிப்பை அன்று அனைவரும் உணர்ந்தோம். அந்தப் பழக்கத்தை மற்றத் தடுப்பூசிகளுக்கும் கைக்கொள்வோம்.

ஆகவே, நண்பர்களே, இன்று வீடு திரும்பியதும் ஒரு கோப்பை எடுங்கள். பிள்ளைகளின் குழந்தை நலப் பதிவேடு, கருவுற்ற காலத்தில் தாய்மாருக்குத் தரப்பட்ட ஏடு, தடுப்பூசி அட்டைகள், ரசீதுகள் அனைத்தையும் ஆளுக்கொரு பகுதியாக அதில் வையுங்கள். அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்தும் வையுங்கள். அட்டை இல்லாத பெரியவர்கள் அடுத்த முறை சுகாதார நிலையம் செல்லும்போது மருத்துவரிடம் கேட்டு, தேவையான ஊசியைப் பெற்றுப் புதிய பதிவைத் தொடங்குங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தடுப்பூசியைப் பொறுத்தவரை, ஆபத்து வேளையில் அந்த ஏடுதான் உதவும்.